எலும்பில் ஏது உயர்வு தாழ்வு?

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எலும்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவர் அறிவித்தவுடன் உங்களில் பலர் சிரித்தீர்கள். சிரித்தது நியாயந்தான். கடவுள், மதம், ஜாதி, புராணம் ஆகியவைகளைப் பற்றியே வாதம் நடந்து பழகிய இந்த மேடையில் எலும்புக்கு என்ன வேலை என்று தோன்றக்கூடும். ஆனால் தலையில் பிறந்தவன் ஒருவன், தோளில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்று மனிதனைப் பங்கு போட்டு வைத்த நாட்டில், தோலுக்குள்ளே இருக்கிற எலும்பை மாத்திரம் சும்மா விட்டுவிடுவார்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தோலைக் காட்டி உயர்வு தாழ்வு சொல்ல வெட்கப்பட வேண்டிய காலம் வந்தவுடன், உள்ளே இருக்கும் எலும்பைக் காட்டிச் சொல்லலாமா என்று பார்க்கிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள், வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். ஆதலால்தான் இதைப் பேசுவது அவசியமாயிற்று.

நாம் வைத்தியருமல்ல, பட்டம் பெற்றவருமல்ல. அறிந்தவர்கள் எழுதி வைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் நமக்கு விளங்கின மட்டில் சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

ஒரு குழந்தையின் கதை

சென்ற மாதம் நமது தோழர் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். அவருடைய பெண்ணுக்கு வயது 11. மெலிந்த உடம்பு, வகுப்பில் எல்லாரையும் விடக் குள்ளம். ஆனால் துடியான குழந்தை. பாண்டி ஆடுவதிலும் கயிறு தாண்டுவதிலும் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. அப்படி ஒரு நாள் தாண்டும்போது விழுந்து மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பிறகு எலும்பின் அடர்த்தியை அளக்கும் யந்திரத்தில் படுக்க வைத்து, "வயதுக்குக் குறைவு" என்று அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைவு, எதைவிடக் குறைவு என்று சொல்லுவாரில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வியாக்கியானம் கிளம்பிவிட்டது. பாட்டி, "பெண்ணுக்குச் சனி பிடித்திருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும்" என்றாள். பாட்டி படிக்காதவள், அவள் சொன்னதில் ஆச்சரியமில்லை. பட்டம் படித்த மாமா என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டி சொல்லுவது மூடநம்பிக்கை. நான் விஞ்ஞானம் சொல்லுகிறேன். எலும்பு என்பது இனத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் கறுப்பர் குழந்தைகளின் எலும்பு கெட்டியென்று கண்டுபிடித்து விட்டார்கள். நம்முடைய ரத்தத்துக்கு எலும்பே சன்னம். பிறவியில் வந்ததை யார் மாற்ற முடியும்?" என்றாராம்.

பாட்டியின் சனியும் மாமாவின் விஞ்ஞானமும் சேர்ந்து ஒரே தீர்ப்பைத்தான் கொடுத்தன. அதாவது, பெண் இனி விளையாடக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதாகும். தலையெழுத்து என்று சொன்னாலென்ன, பிறவிக் குணம் என்று சொன்னாலென்ன? இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். ஒரு குழந்தையின் காலைக் கட்டிப் போட்டாயிற்று.

உண்மையை மறைக்க வேண்டாம்

இப்போது அந்த மாமா சொன்னதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம். நமக்குப் பிடிக்காத சங்கதி என்பதற்காக உள்ளதை இல்லையென்று சொல்லுவது புரோகிதன் வேலை; பகுத்தறிவுக்காரன் வேலையல்ல.

அமெரிக்காவில் 2002-ம் வருஷம் முதற்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ், சின்சினாட்டி, ஓமஹா, பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஆரோக்கியமான குழந்தைகளை வருஷா வருஷம் அளந்து பார்த்து, எந்த வயதில் எலும்பு எவ்வளவு அடர்த்தியாயிருக்கும் என்று ஒரு பெரிய அட்டவணை தயாரித்தார்கள். அந்த அட்டவணையில் கறுப்பருக்கு ஒரு கோடு, மற்றவர்களுக்கு ஒரு கோடு என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். கறுப்பர் குழந்தைகளின் சராசரி மேலே இருக்கிறது. இது உண்மை.

அதற்கு முன்பே 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்புப் பெண் குழந்தைகளையும் வெள்ளைப் பெண் குழந்தைகளையும் எக்ஸ்ரேயைக் கொண்டு குறுக்குவாட்டில் படமெடுக்கும் கருவியால் அளந்தார்கள். பருவமடைவதற்கு முன் முதுகெலும்பின் அடர்த்தியில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. பருவமடையும் காலத்தில்தான் கறுப்புப் பெண்களுக்கு அதிகமாக ஏறிற்று என்று கண்டார்கள். 1999-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் ஆசியர், ஸ்பானியப் பாஷைக்காரர், கறுப்பர், வெள்ளையர் ஆகிய நான்கு வகுப்பைச் சேர்ந்த 9 வயது முதல் 25 வயது வரையுள்ள 423 பேரை அளந்து வெளியிட்டார்கள். அதில் ஒழுங்காகத் தெரிந்த வித்தியாசம் கறுப்பருக்கும் மற்றவர்களுக்கும் இடையேதான். இந்தியானா மாகாணத்திலுள்ள பர்டியூ சர்வகலாசாலையில் இளம் பெண்களுக்கு அளந்து அளந்து ஆகாரம் கொடுத்துப் பார்த்ததில், ஒரே அளவு சுண்ணாம்புச் சத்து உண்டாலும் கறுப்புப் பெண்களின் உடம்பில் அது அதிகமாகத் தங்கிற்று என்றும் கண்டார்கள்.

இவைகளை நாம் மறுக்கவில்லை. மாமா இதோடு நிறுத்தியிருந்தால் அவரோடு நமக்குச் சண்டையுமில்லை. ஆனால் "ஆகவே பிறவி" என்று முடிவு கட்டினாரே, அங்கேதான் விஞ்ஞானத்தை விட்டுப் புராணத்துக்குள் புகுந்துவிட்டார்.

யந்திரம் என்ன அளக்கிறது?

முதலில் இந்த யந்திரத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். டெக்ஸா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது 1980-களின் கடைசியில் வழக்கத்துக்கு வந்தது. இரண்டு விதமான எக்ஸ்ரே கதிரை உடம்புக்குள் செலுத்தி, எலும்பு எவ்வளவு கதிரைத் தடுத்தது என்று பார்த்து, எலும்பிலுள்ள தாதுவைக் கணக்கிடுகிறது. நல்ல கருவிதான். ஆனால் அது எலும்பின் கனத்தைப் பார்ப்பதில்லை. எலும்பின் நிழலைத்தான் பார்க்கிறது. நிழலுக்கு நீளம் அகலம் உண்டே ஒழிய ஆழம் உண்டா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரே மரத்தில் இரண்டு கட்டை அறுத்துக் கொள்ளுங்கள். ஒன்று, நாலா பக்கமும் 1 அங்குலமுள்ள சதுரக் கட்டை. அதன் எடை 1 பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் நிழல் 1 சதுர அங்குலம். எடையை நிழலால் வகுத்தால் 1. மற்றொன்று நாலா பக்கமும் 2 அங்குலமுள்ள கட்டை. அதன் எடை 8 பங்கு. அதன் நிழல் 4 சதுர அங்குலம். வகுத்தால் 2. இரண்டும் ஒரே மரம், ஒரே வைரம்! ஆனால் பெரிய கட்டை சின்னக் கட்டையை விட இரண்டு மடங்கு அடர்த்தி என்று கணக்குச் சொல்லுகிறது. அந்த யந்திரம் குழந்தைகளிடத்தில் செய்கிற பிசகு இதுவேதான். குள்ளமான குழந்தையின் எலும்பு சின்னது. ஆகவே அது அடர்த்தி குறைந்ததாக அச்சாகிறது. உயரமான குழந்தைக்கு நேர்மாறு.

இது நாம் கண்டுபிடித்த சங்கதியல்ல. அந்தத் துறையில் உள்ளவர்களே சொல்லி, உயரத்துக்குத் தக்கபடி கணக்கைத் திருத்த வழியும் எழுதியிருக்கிறார்கள். பல ஆராய்ச்சிகளில் ஆசியக் குழந்தைகளுக்கும் வெள்ளைக் குழந்தைகளுக்கும் இடையே தோன்றுகிற வித்தியாசம், உயரத்தையும் எடையையும் கணக்கில் சேர்த்தவுடன் பெரும்பாலும் கரைந்து போகிறது. அப்படியானால் "நம் ரத்தத்துக்கு எலும்பு சன்னம்" என்று மாமா சொன்னது எங்கே போயிற்று? குள்ளத்துக்குக் காரணம் என்ன, குழந்தை நன்றாய்ச் சாப்பிட்டதா என்று கேட்க வேண்டிய இடத்தில் ரத்தத்தைக் கேட்டு விட்டார்.

இன்னொரு வேடிக்கை. இந்த யந்திரம் குழந்தையின் இனத்தைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு குமாஸ்தா கேட்டுக் குறித்துக் கொள்ளுகிறார். யந்திரம் நம்பிக் கொள்ளுகிறது. அதே குழந்தை, அதே படம், அதே எலும்பு! ஒரு பெயருக்கு நேரே குறி போட்டால் "சரி" என்கிறது. வேறொரு பெயருக்கு நேரே போட்டால் "குறைவு" என்கிறது. அந்தக் குறியாவது நிச்சயமானதா? வர்ஜீனியா மாகாணத்தில் 1924-ல் ஒரு சட்டம் செய்து, ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் இருந்தாலும் வெள்ளையன் அல்ல என்றார்கள். 1967-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கலப்பு மணத்தைத் தடுத்த அந்த ஏற்பாட்டைத் தள்ளிவிட்டது. சட்டம் போட்டு உண்டாக்கி, சட்டம் போட்டு அழிக்கக்கூடிய ஒன்றுக்கு இயற்கை என்று பெயர் வைப்பது எப்படிப் பொருந்தும்?

நேற்றுப் பலவீனம், இன்று பலம்!

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். இன்றைக்குக் கறுப்பர் எலும்பு கெட்டி என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள் அல்லவா? நூறு வருஷத்துக்கு முன் என்ன நிலைமை தெரியுமா?

நியூயார்க்கில் கொலம்பஸ் ஹில் என்ற பகுதியில் கறுப்பர்கள் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். அங்குள்ள குழந்தைகளுக்கு ரிக்கட்ஸ் என்னும் நோய் ஏராளம். எலும்பு கெட்டிப்படாமல் கால் வில் போல் வளைந்து விடும் நோய் அது. கறுப்பர் குழந்தைகளுக்கு அது வருவது சகஜம், அவர்கள் எலும்பின் சுபாவமே அப்படி என்று சொல்லிக் கொள்ளுவது சுலபமாயிருந்தது. ஹெஸ், அங்கர் என்ற இரண்டு வைத்தியர்கள் சுபாவம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. குழந்தைகளுக்கு காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் குடித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. 1917-ல் இதை வெளியிட்டார்கள்.

ரிக்கட்ஸ் கறுப்பர் சொத்தா என்றால் அதுவுமில்லை. 1650-ல் கிளிசன் என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். "ஆங்கிலேயர் நோய்" என்றே இதற்கு ஐரோப்பாவில் பெயர்! ஆலைப் புகை சூரியனை மறைத்த நகரங்களில் வெள்ளைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கால் வளைந்து நின்றார்கள். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைக் காட்டியே குழந்தைகளைக் குணப்படுத்தினார். அதே வருஷம் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ஆகாரத்தினாலேயே இந்நோயை உண்டாக்கியும் தடுத்தும் காட்டினார். வெயிலிலும் மீன் எண்ணெயிலும் இருந்த மர்மம் ஒன்றே. அதற்குத்தான் வைட்டமின் டி என்று பெயர். அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கறுத்த தோல் அதை உண்டாக்க அதிக நேரம் வெயில் வேண்டும். இருட்டுச் சந்தில், குளிர்தேசத்தில், வறுமையில் அடைபட்ட கறுப்புக் குழந்தைக்கு வெயில் எங்கே கிடைக்கும்? 1930-களில் அமெரிக்காவில் பாலில் வைட்டமின் டி சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகு ரிக்கட்ஸ் மிகவும் குறைந்தது.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். அதே நாடு, அதே ஜனங்கள். 1917-ல் அவர்கள் எலும்பு வளைகிற எலும்பு. இன்று அவர்கள் எலும்பு கெட்டி எலும்பு. இதற்குள் ரத்தமா மாறிவிட்டது? மாறினது எண்ணெயும் பாலுந்தானே!

கிளாஸ்கோவில் நம்மவர்

இனி நம்மவர் சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானத்திலிருந்தும் பிழைக்கப் போன குடும்பங்களில், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்தில் குழந்தைகளுக்கு ரிக்கட்ஸ் இருப்பதை 1962-ல் டன்னிகன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். வெள்ளைக் குழந்தைகளிடம் ஏறக்குறைய மறைந்துவிட்ட நோய் இவர்களிடம் மாத்திரம் ஏன் என்று பெரிய ஆராய்ச்சி நடந்தது. சப்பாத்தியைக் குற்றம் சொன்னார்கள், உடுத்துகிற துணியைக் குற்றம் சொன்னார்கள், தோலைக் குற்றம் சொன்னார்கள்.

வெள்ளைக் குழந்தைகளிடம் அது எப்படி மறைந்தது? 1940 முதல் சர்க்கார் மார்கரைனில் வைட்டமின் டி சேர்க்கும்படி செய்து, குழந்தைகளுக்கு ஈரல் எண்ணெயும் வழங்கினார்கள். வெள்ளையர் எலும்பை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கமாகத் தின்னும் பண்டத்தில் சத்தைச் சேர்த்தார்கள். அதே மாதிரி சப்பாத்தி மாவில் சேர்க்கலாமே என்ற யோசனை வந்தபோது அது ஏற்கப்படவில்லை. 1981-ல் இங்கிலாந்தில் ரிக்கட்ஸை ஒழிக்கும் பிரசாரம் என்று ஒன்று நடத்தி, ஆசியர்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று உபதேசித்தார்கள். வெள்ளையனுக்கு வந்தால் அது ஆகாரக் குறை. மற்றவனுக்கு வந்தால் அது இனக் குறை! ஆனால் கிளாஸ்கோவில் 1979 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தை இலவசமாய்க் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ரிக்கட்ஸ் குழந்தைகளின் எண்ணிக்கை நன்றாய்க் குறைந்தது. இனம் அப்படியேதான் இருந்தது, நோய்தான் போயிற்று.

ஆப்பிரிக்காவைக் கேட்போம்

"கறுப்பர் எலும்பு கெட்டி" என்பது ரத்த குணமாயிருந்தால் ஆப்பிரிக்காவெங்கும் அப்படியே இருக்க வேண்டுமல்லவா? மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் கெனெபா என்ற கிராமத்திலும் அதைச் சுற்றியும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறார்கள். அங்குள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்குக் கிடைக்கிற சுண்ணாம்புச் சத்து 400 மில்லிகிராமுக்கும் குறைவு. பருவமடைவதும் தாமதம். வயதுக்கு வயது ஒப்பிட்டால் இவர்கள் எலும்பிலுள்ள தாது பிரிட்டிஷ் குழந்தைகளை விடக் குறைவே. அமெரிக்கக் கறுப்பர்களின் முன்னோர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள். அங்கே மேலே, இங்கே கீழே! எந்தக் கோட்டை நம்புவது?

இன்னொரு ஆச்சரியம். காம்பியாவில் கிழவிகளின் எலும்பில் தாது குறைவாயிருந்தும், வயதான காலத்தில் எலும்பு முறிவது அங்கே அரிது என்று 1996-ல் வெளியிட்டார்கள். ஆகவே அடர்த்தி வேறு, முறிவது வேறு. யந்திரக் காகிதம் ஒன்றே எலும்பின் ஜாதகமாகி விடாது.

தென்னாப்பிரிக்காவில் மண்டேலா விடுதலையான 1990-ம் வருஷத்தில் ஜோகன்னஸ்பர்க், சொவேட்டோ பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஏழைகளாயிருந்தும் கறுப்புக் குழந்தைகளின் இடுப்பெலும்பு வெள்ளைக் குழந்தைகளுக்குக் குறையவில்லை, கூடவே இருந்தது. இது ஆகாரத்தால் மாத்திரம் விளங்காத சங்கதி. பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் முறிவைப் பாருங்கள். 15 வயதுக்குள் ஒரு தடவையாவது எலும்பு முறிந்தவர்கள் வெள்ளைக் குழந்தைகளில் 100-க்கு 41 பேருக்கு மேல். கறுப்புக் குழந்தைகளில் 100-க்கு 19 பேர். காரணங்களில் ஒன்று என்ன? விளையாட்டுச் சாமானும் மைதானமும் யாருக்கு அதிகம் கிடைத்தன என்பது. விளையாடுகிறவன்தான் விழுவான். அதற்காக விளையாட்டை ஒழிக்க வேண்டுமென்று அந்த ஆராய்ச்சியாளர் சொல்லவில்லை.

ஒரே உடம்பில் இரண்டு இனமா?

பரம்பரையே எல்லாம் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பந்தடிக்கும் கையின் எலும்பு மற்றக் கை எலும்பை விடத் தடிப்பு. பின்லாந்து தேசத்தில் டென்னிசும் ஸ்குவாஷும் ஆடிய பெண்களை அளந்து 1995-ல் வெளியிட்டதில், பருவமடைவதற்கு முன்னோ அச்சமயத்திலோ ஆடத் தொடங்கினவர்களுக்கு இந்த வித்தியாசம், பிந்தித் தொடங்கினவர்களை விட 2 மடங்கு முதல் 4 மடங்கு வரை அதிகமாயிருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு! வலது கைக்கு ஒரு இனம், இடது கைக்கு ஒரு இனமா? வேலை செய்த கை வளர்ந்தது. சும்மா இருந்த கை அவ்வளவு வளரவில்லை.

கனடாவில் சஸ்காட்செவான் சர்வகலாசாலையார் பிள்ளைகளை வருஷக் கணக்காக அளந்து பார்த்ததில், உயரம் வேகமாக ஏறுகிற சமயத்தை ஒட்டிய இரண்டே வருஷத்தில், பெரியவனாகும்போது இருக்கும் எலும்புத் தாதுவில் சுமார் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். பெண்களுக்கு அந்தச் சமயம் ஏறக்குறைய 11, 12 வயது. நமது தோழரின் பெண்ணை வீட்டுக்குள் பூட்டின வயது எது? அதே 11! வயலில் தண்ணீர் பாய வேண்டிய பக்குவத்தில் மடையை அடைத்துவிட்டு, மகசூல் வராவிட்டால் விதையைக் குற்றம் சொல்லுவது போன்றதல்லவா இது?

அந்தக் கையொடிந்ததற்கும் சனி வேண்டியதில்லை. அந்த வயதில் எலும்பு முதலில் நீளுகிறது. தாது பின்னால் வந்து சேருகிறது. இடைக்காலத்தில் எலும்பு சற்றுப் பலம் குறைந்து நிற்பதால் பெண்களுக்கு 11 வயதையொட்டியும், ஆண்களுக்கு 14 வயதையொட்டியும் முன்கை முறிவது உலகமெங்கும் அதிகம்.

பரம்பரை வேறு, ஜாதி வேறு

இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், மனிதருக்கு மனிதர் எலும்பில் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் பெற்றோர் வழியில் வருவது என்று சொல்லுகிறார்கள். இருக்கட்டும். தாய் தகப்பனிடமிருந்து மூக்கு வருகிறது, உயரம் வருகிறது, எலும்பும் வரட்டும். அதை நாம் எப்போது மறுத்தோம்? நாம் மறுப்பதெல்லாம், ஒரு பெயர்ச்சீட்டை நெற்றியில் ஒட்டி, அந்தச் சீட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே எலும்பு, ஒரே மூளை, ஒரே யோக்கியதை என்று சொல்லுவதைத்தான். ஒரே இனத்தைச் சேர்ந்த குழந்தைகளுக்குள்ளே இருக்கிற வித்தியாசம், இரண்டு இனங்களின் சராசரிகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசத்தை விடப் பெரிது. சராசரி என்பது கணக்குப் புஸ்தகத்தில் இருப்பது. அது தெருவில் நடப்பதில்லை, கீழே விழுவதில்லை, கை முறிவதுமில்லை. விழுகிறது குழந்தை.

அளவுகோலைக் கொண்டு அகம்பாவம் வளர்த்தவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். பிலடெல்பியாவில் மார்ட்டன் என்பவர் மண்டை ஓடுகளைச் சேகரித்து, அவற்றின் கொள்ளளவை அளந்து, 1839-ல் புத்தகம் போட்டு, வெள்ளையன் மண்டையே பெரிது என்று வரிசை வைத்தார். அடிமை வைத்திருந்தவர்களுக்கு அது வேதமாயிற்று. பிற்பாடு போவாஸ் என்ற பேராசிரியர் நியூயார்க்கில் குடியேறின சுமார் 18 ஆயிரம் பேரை அளந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை அளவு பெற்றோருடையதிலிருந்து மாறுகிறது என்று 1911-ல் காட்டினார். எவ்வளவு மாறிற்று என்பதைப் பற்றி 2002, 2003-லும் விஞ்ஞானிகள் வாதாடினார்கள். வாதாடட்டும்! அளந்ததை மறுபடி அளந்து, தப்பானால் திருத்திக் கொள்ளுவதுதான் விஞ்ஞானத்துக்கு அழகு. எந்தச் சாஸ்திரத்தில் எந்த ரிஷி எழுதினதை எவன் மறுபடி அளந்தான்?

செய்ய வேண்டியது என்ன?

நமது தோழரை வேறொரு குழந்தை வைத்தியரிடம் அனுப்பினோம். அவர் காகிதத்தைப் பார்த்து, முதலில் பெண்ணை நிற்க வைத்து உயரத்தை அளந்தார். யந்திரத்தில் எந்த நாட்டு அட்டவணை இருந்தது என்று கேட்டார். இந்தியக் குழந்தைகளுக்கென்று புனேயிலும் டில்லியிலும் அளந்து வெளியிட்ட கணக்குகள் இருக்கின்றன. உயரத்துக்குத் தக்கபடி கணக்கிட்டவுடன் பெண்ணின் எலும்பு சாதாரண எல்லைக்குள்ளேயே இருந்தது.

அவர் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். இந்த அளவைக்கென்றே உள்ள சர்வதேசச் சங்கத்தார், அடர்த்தி குறைவு என்ற ஒன்றை மாத்திரம் வைத்துக் குழந்தைக்கு எலும்புத் தேய்வு நோய் என்று சொல்லக் கூடாது என்று 2013-ல் விதி செய்திருக்கிறார்கள். காரணமில்லாமல் முதுகெலும்பு நொறுங்கியிருக்க வேண்டும். அல்லது அடர்த்தி மிகக் குறைந்திருப்பதோடு 10 வயதுக்குள் 2 தடவையோ, 19 வயதுக்குள் 3 தடவையோ நீண்ட எலும்பு முறிந்திருக்க வேண்டும். கயிறு தாண்டி ஒரு தடவை கை முறிந்த பெண்ணுக்கு இந்தப் பட்டம் பொருந்தாது.

ஆனால் நம் குழந்தைகளுக்கு ஒரு குறையுமில்லை என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், வெயில் கொளுத்துகிற இந்த நாட்டிலேயே 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 18 பேருக்கும், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 24 பேருக்கும் வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தது. சூரியன் ஜாதி பார்ப்பதில்லை. நாம்தான் குழந்தையைச் சூரியனிடம் விடுவதில்லை. "கறுத்துப் போவாள், அப்புறம் யார் கட்டுவான்?" என்று பெண் குழந்தையை நிழலில் வைக்கிறவர்கள் எத்தனை பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், மனதுக்குள் எண்ணிக் கொண்டால் போதும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் சொற்பமே இருக்கிறது. கூழ் ஏழை சாப்பாடு, சோறு கௌரவச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு எலும்பைப் பட்டினி போட்டவர்கள் நாமே அல்லவா?

ஆகவே தோழர்களே, குழந்தையின் எலும்பு குறைவு என்று யாராவது காகிதம் காட்டினால் பயப்படாதீர்கள்; அலட்சியமும் செய்யாதீர்கள். எதைவிடக் குறைவு என்று கேளுங்கள். உயரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று கேளுங்கள். குழந்தை என்ன தின்கிறது, எவ்வளவு நேரம் வெயிலில் ஓடுகிறது என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். அதன் பிறகு தெரிந்த வைத்தியரிடம் போங்கள். ஜோசியனிடம் போகாதீர்கள், ரத்தம் பேசுகிற மாமாவிடமும் போகாதீர்கள்.

இந்த மேடைக்கு வருகிற வழியில் அந்தத் தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். மாவுக்கட்டு அவிழ்த்து நாளாகி விட்டது. பாட்டி திண்ணையில் முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். மாமா வரவில்லை. பெண் வாசலில் வெயிலில் கயிறு தாண்டிக் கொண்டிருந்தாள். எத்தனை என்று கேட்டோம். எண்ணிக்கையைக் கெடுத்துவிட்டோம் என்று நம் மேல் கோபித்துக் கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.